அண்ணாச்சி தலைமையில் ஒரு கவிதை விழா

கவிதை விழா நடத்துகிறவர்களுக்குக் கவிதை கேட்க நேரம் கிடைக்காது; இந்த வேலையில் முதலில் தெரிந்துகொள்வது அதுதான். மைக் வேலை செய்யவில்லை, விருந்தினரின் கார் வரவில்லை, டீ வந்துவிட்டது ஆனால் டம்ளர் வரவில்லை, மண்டபத்து முகப்பில் பந்தல்காரர் பாக்கிப் பணம் கேட்கிறார் என்று வாசலுக்கும் மேடைக்கும் ஓடிக்கொண்டிருக்கும்போது, உள்ளே யாரோ நிலாவைப் பற்றி ஏதோ வாசித்துக்கொண்டிருப்பார்கள். வெளி மாநிலத்தில் உட்கார்ந்துகொண்டு தமிழ் விழா நடத்துகிற எல்லாருக்கும் இது தெரிந்திருக்கும். தெரியாதவர்கள் புண்ணியம் செய்தவர்கள்.

நான் கோமதி. பகலில் தம்பானூரில் ஒரு இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை. மிச்ச நேரத்தில், திருவனந்தபுரத்துத் தமிழர்கள் சிலர் சேர்ந்து வருஷத்துக்கு ஒருமுறை நடத்தும் கவிதை விழாவுக்குச் செயலாளர். எங்கள் குழுவில் பெயருக்கு நிறையப் பேர் உண்டு. அவர்கள் வாட்ஸாப்பில் கை கூப்பும் படம் போடுவார்கள். கூட்டத்துக்கு வருகிறவர்கள் என்னையும் சேர்த்து நாலே பேர். தலைவர் சங்கரலிங்கம் அண்ணாச்சி, ஆரியசாலையில் பருப்பு மொத்தக்கடை வைத்திருப்பவர். துணைத்தலைவர் வெங்கட்ராமன் மாமா, கரமனை அக்ரஹாரத்துக்காரர், ஆபீஸ் உத்தியோகம் பார்த்து ரிட்டயர் ஆனவர். மூன்றாவது ஞானமுத்து சார், ஓய்வு பெற்ற தமிழாசிரியர். போன வருஷ விழாவில் எங்களுக்கு நடந்ததை, தெரிந்த மனிதர்களிடம் சொல்லி ஆறிக்கொள்வதுபோல உங்களிடம் சொல்கிறேன்.

நாள் குறித்தல்

விழாவுக்கு நாள் குறிக்க அண்ணாச்சி கடையின் மாடியில் கூடினோம். கீழேயிருந்து உளுந்து வாசனை வந்துகொண்டிருந்தது. எந்த ஞாயிற்றுக்கிழமையைச் சொன்னாலும் யாருக்காவது கல்யாணம் இருந்தது. கல்யாணம் இல்லாத ஞாயிற்றுக்கிழமையில் பள்ளிக்கூடத்துப் பரீட்சை இருந்தது. "எளுப்பமா ஒரு நாள் கிடைக்காது போல இருக்கே" என்றார் மாமா.

அவ்வளவுதான், அண்ணாச்சி நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். "எளுப்பம் இல்ல சாமி. எளிது. எந்திரிச்சு நின்னு ஒருதரம் சொல்லுங்க." எங்கள் கூட்டத்தில் இது சட்டம். மலையாளச் சொல் வாயில் வந்துவிட்டால் எழுந்து நின்று தமிழில் சொல்ல வேண்டும். மாமா தன் வயதையும் முழங்காலையும் நினைத்துக்கொண்டே எழுந்து நின்று "எளிது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பேச்சில் ஆங்கிலம் கலந்தால் அண்ணாச்சி கண்டுகொள்ள மாட்டார். ஏன் இந்த ஓரவஞ்சனை என்று நான் அன்றைக்குக் கேட்டேன். "எம்மா, இங்கிலீசு வேத்தாள் சட்டை. போட்டுக்கிட்டு வந்தா தூரத்துலயே தெரிஞ்சுபோகும். மலையாளம் நம்ம சட்டை மாதிரியே இருக்கும். மாத்திப் போட்டுக்கிட்டோம்னு நமக்கே தெரியாது" என்றார். சின்ன வயதில் தென்காசிப் பக்கத்திலிருந்து கடை வேலைக்கு வந்தவர் அவர். அன்றிலிருந்து காலை தொட்டு இருட்டும் வரை வாடிக்கையாளர்களிடம் மலையாளம்தான். கடை அடைத்த பிறகு ஒரு சொல் கலக்க மாட்டார்.

கடைசியில் மாமாதான் வழி சொன்னார்: "ஏதாவது ஹர்த்தால் அன்னிக்கு வச்சுண்டா என்ன? ஒருத்தருக்கும் வேற ஜோலி இருக்காது, கேட்டேளா. வந்துதானே ஆகணும்?"

யார் எழுதிய கவிதை

பள்ளிப் பிள்ளைகளுக்கு 'மழை' என்ற தலைப்பில் கவிதைப் போட்டி வைத்தோம். வந்தவற்றைப் பிரித்துக்கொண்டு ஞானமுத்து சாரும் நானும் உட்கார்ந்தோம். முதல் கவிதை "வானம் எழுதிய வெள்ளிக் கடிதமே" என்று தொடங்கியது. பரவாயில்லையே என்று சார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். அடுத்ததும் வானம் எழுதிய வெள்ளிக் கடிதமாகவே இருந்தது. அதற்கடுத்ததும். வேறு வேறு பள்ளிகள், வேறு வேறு கையெழுத்துகள், எல்லாருக்கும் வானம் ஒரே கடிதத்தைத்தான் போட்டிருந்தது.

பெற்றோர்களைக் கூப்பிட்டுக் கேட்பது என்று முடிவானது. கேட்கிற வேலை செயலாளருக்கு. ஒரு அம்மாவிடம் முடிந்த அளவு தன்மையாக, "பையனுக்கு யாராவது உதவி செய்தீங்களா?" என்று கேட்டேன். அந்த அம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "எங்க வீட்ல யாருக்கும் கவிதை எல்லாம் தெரியாது மேடம். அவனேதான் போன்ல கேட்டான், அவனேதான் பார்த்து எழுதினான். நாங்க பக்கத்துலயே போகலை!"

அபிராமியின் தாள்

மிச்சமிருந்தவர்களை மேடையில் வாசிக்க வைத்துப் பார்க்க ஒரு ஒத்திகை நடத்தினோம். அபிராமி என்றொரு சிறுமி வந்தாள். தம்பானூரில் ஒரு ஹோட்டலில் பரோட்டா மாஸ்டராக இருக்கும் முருகனின் மகள். மழையில் நனைந்த கோழிக்குஞ்சைப் பற்றி நாலு வரி. தானாகவே யோசித்திருக்கிறாள், கேட்டவுடன் தெரிந்தது. அண்ணாச்சிக்கு முகமெல்லாம் சிரிப்பு. "தாளைக் குடு தாயி, தாத்தா பாக்கட்டும்" என்று கையை நீட்டினார்.

தாளைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. தமிழ்க் கவிதைதான், ஆனால் முழுக்க மலையாள எழுத்தில் எழுதியிருந்தது. இந்த ஊரில் நம் பிள்ளைகள் பலரும் இப்படித்தான். பேச்சு தமிழ், எழுத்து பள்ளிக்கூடத்து எழுத்து. அண்ணாச்சி அவளைத் திட்டவில்லை. முருகனைப் பார்த்துத்தான், "தமிழெழுத்துல எழுதிட்டு வரட்டும்டே. நீ பக்கத்துல இருந்து சொல்லிக்குடு" என்றார்.

வேலைக்கு நேரமாகிவிட்டது என்று வாசலிலேயே நின்றிருந்த முருகன் உள்ளே வந்து தாளை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "எனக்கு எந்த எழுத்தும் தெரியாது அண்ணாச்சி. பிள்ளைக்கு ஒரு எழுத்தாவது தெரியுதேன்னு நான் சந்தோசமா இருந்தேன்."

வெள்ளம்

விழாவுக்கு இன்னும் இரண்டு மாதம் போல இருந்தபோது, கடையில் கல்லாவில் உட்கார்ந்திருந்த அண்ணாச்சி பக்கவாட்டில் சாய்ந்துவிட்டார். மூளையில் ரத்த அடைப்பு. சீக்கிரம் கொண்டுவந்து சேர்த்ததால் உயிருக்கு ஆபத்தில்லை என்றார்கள். வலது கை மட்டும் கொஞ்சம் தளர்ந்திருந்தது. சில நாள் வாயில் பேச்சே இல்லை. பிறகு ஒரு காலையில் பேச்சு வந்தது. முதலில் கேட்டது தண்ணீர். "வெள்ளம் வேணம்" என்று கேட்டார். நர்ஸ் மலையாளி, அதனால் அப்படிக் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டோம். ஆனால் என்னைப் பார்த்தும் மலையாளத்தில்தான் பேசினார். மாமாவைப் பார்த்தும் அப்படியே. நாங்கள் பேசும் தமிழ் ஒரு சொல் விடாமல் புரிந்தது, தலையாட்டினார். பதில் மட்டும் மலையாளத்தில் வந்தது. தமிழில் சொல்ல வாயெடுப்பார், நெற்றி நரம்பு புடைக்கும், உதடு கூடும், அப்புறம் மலையாளச் சொல் வந்து விழும். விழுந்ததும் அவரே திடுக்கிட்டு எங்கள் முகங்களைப் பார்ப்பார்.

டாக்டரிடம் கேட்டோம். இரண்டு மொழி பேசுகிறவர்களில் சிலருக்கு இப்படி ஆவதுண்டு, ஒன்று நிற்கும், ஒன்று மறைந்துகொள்ளும், எது நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது, திரும்பி வந்தாலும் வரலாம் என்றார். மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நாப்பது வருஷமா எங்களையெல்லாம் எழுந்து நிக்க வச்ச மனுஷன்" என்று சொல்லிவிட்டு வராந்தாவுக்குப் போய்விட்டார்.

அண்ணாச்சியின் மனைவி பார்வதி அக்கா கட்டில் பக்கத்தில் பிளாஸ்க்கைத் திறக்காமலேயே மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இந்த ஊரிலேயே பிள்ளை பெற்று வளர்த்தவர், மலையாளம் தெரியாதவரல்ல. "அவர் சொல்றது புரியுதுல்ல அக்கா, அது போதும்" என்று ஆறுதலாகச் சொல்லிப்பார்த்தேன். அக்கா குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "எனக்கு எல்லாம் விளங்குது கோமதி. அதுல்ல. வேற யாரோ ஒரு ஆம்பள வீட்டுக்குள்ள வந்து பேசுத மாதிரி இருக்கு."

மரியாதை

அழைப்பிதழில் 'தலைமை' என்ற இடத்தில் யார் பெயரைப் போடுவது என்று பேச, அண்ணாச்சி இல்லாமல் முதல்முறையாகக் கூடினோம். விழாவே வேண்டாம் என்றார் மாமா. பார்வதி அக்கா எனக்குப் போன் செய்து, "நிறுத்திராதிய. அதை நினைச்சுத்தான் எந்திரிச்சு உக்காருதாரு" என்று சொல்லியிருந்ததைச் சொன்னேன். சரி, விழா உண்டு. தலைமை யார்? அண்ணாச்சிதான், வேறு யார் என்றேன் நான்.

ஞானமுத்து சார் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். மேடையில் வாய் திறந்தால் மலையாளம் வரும், தமிழ் விழாவின் தலைவர் மலையாளத்தில் பேசினார் என்று ஊரில் சிரிப்பார்கள், யாராவது போனில் படம் பிடித்துப் போட்டுவிட்டால் என்ன செய்வது என்று கேட்டார். "பேச வேண்டாம் சார், சும்மா உட்காரட்டும்" என்றேன். உட்கார்ந்திருக்கும்போது யாராவது ஏதாவது கேட்டுவிட்டால் என்றார். வாதாடி வாதாடி, 'தலைமை: சங்கரலிங்கம் அண்ணாச்சி' என்று போட்டு, கீழே பொடி எழுத்தில் 'உடல்நிலை இடங்கொடுத்தால்' என்று சேர்ப்பதாக முடிந்தது. எனக்கு அழுகையாக வந்தது. சார் கெட்டவரல்ல. ஆஸ்பத்திரிக்குத் தினமும் ஆரஞ்சுப் பழத்தோடு போனவர் அவர்தான். படியிறங்கும்போது என்னிடம் விளக்கம் சொன்னார்: "மரியாதைக்காகத்தான் சொல்கிறேன் கோமதி. இப்போதே அவரை மேடையிலிருந்து விலக்கிவிட்டோமானால், பழைய அண்ணாச்சியாகவே நாம் அவரை நினைவில் வைத்துக்கொள்ளலாம்."

அச்சகம்

அழைப்பிதழை அடிக்கச் சாலைக் கடைத்தெருவில் ஒரு அச்சகத்தில் கொடுத்தோம். தமிழ் தெரிந்த பையன் வேலையை விட்டுப் போய்விட்டான், ஆனாலும் பார்த்துப் பார்த்து அடித்துத் தருகிறேன் என்றார் உரிமையாளர் சுரேந்திரன். நல்ல மனிதர். தமிழில் ஓர் எழுத்தும் தெரியாது. ஒவ்வோர் எழுத்தையும் படம் பார்ப்பதுபோல் பார்த்துக் கணினியில் தேடிப் போட்டார். அடித்து வந்ததை விரித்துப் பார்த்தேன். 'அழைப்பிதழ்' என்பது 'அழைபிப்தழ்' என்று இருந்தது. 'கவிதை விழா'வில் 'தை' முந்திக்கொண்டு 'கதைவி விழா' ஆகியிருந்தது. தலைவர் பெயருக்குக் கீழே இருந்த பொடி எழுத்து வரி மட்டும் ஒரு பிழையில்லாமல், பெரிய எழுத்தில் வந்திருந்தது.

கோபப்படவும் எனக்குத் தெம்பில்லை. பிழைகளை ஒவ்வொன்றாகக் காட்டினேன். சுரேந்திரன் நான் எழுதிக் கொடுத்த தாளையும் அச்சடித்த தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு மனம் நொந்துபோய்ச் சொன்னார்: "சேச்சி, எல்லா அக்ஷரவும் உண்டு. ஞான் எண்ணி நோக்கியதா." எல்லா எழுத்தும் இருக்கிறதாம், எண்ணியே பார்த்துவிட்டாராம்.

பயிற்சி

அலுவலகம் முடிந்ததும் நான் அண்ணாச்சி வீட்டுக்குப் போக ஆரம்பித்தேன். காலையில் பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வருவாள். இந்த ஊரில் அந்தப் பயிற்சியைத் தமிழில் கொடுக்க யாரும் கிடைக்கவில்லை. அந்தப் பெண் படங்களைக் காட்டுவாள், அண்ணாச்சி மலையாளத்தில் பெயர் சொல்வார், அவள் கைதட்டுவாள். அவளுடைய கணக்குப்படி அண்ணாச்சி வேகமாகத் தேறிவந்தார். சாயங்காலம் என் முறை. 'வணக்கம்' என்ற ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டோம். மேடையில் அதைச் சொன்னால் போதும், பாக்கியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். "வ" என்று நான் தொடங்குவேன். அவரும் "வ" என்பார். பல்லைக் கடித்துக்கொண்டு அந்த எழுத்திலேயே நிற்பார். அப்புறம் "நமஸ்காரம்" என்று வந்துவிடும். இடது கையால் தன் வாயில் ஓங்கி ஓர் அடி அடித்துக்கொண்டார் ஒரு நாள். பார்வதி அக்கா ஓடிவந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடவே இல்லை.

அன்றைக்குப் பயிற்சியை நிறுத்திவிட்டு, அவர் முன்பு எழுதிய கவிதை ஒன்றை எடுத்து வாசித்தேன். உண்மையைச் சொன்னால், அண்ணாச்சி எழுதியதில் பெரும்பகுதி 'ஓங்குக, வாழ்க' வகைதான். கவியரங்கம் கேட்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் ஒன்று மட்டும் எங்கிருந்தோ அவருக்கு வந்து வாய்த்தது:

எடைக்கல்லின் மேல்
ஒரு தும்பி உட்கார்ந்தது.
சரக்கு வாங்க வந்தவர்
காத்திருந்தார்.

வாசித்து முடித்தேன். அண்ணாச்சி கண்ணை மூடியிருந்தார். பிறகு திறந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். கேலி செய்கிறாரா, நிஜமாகவே கேட்கிறாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அக்காவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாமல் இருந்துவிட்டோம். அவர் கேட்டது இதுதான்: "நல்லதாணல்லோ. ஆரு எழுதியதா?" நன்றாக இருக்கிறதே, யார் எழுதியது?

சிறப்பு விருந்தினர்

சிறப்பு விருந்தினராகச் சென்னையிலிருந்து ஒரு கவிஞரை அழைத்திருந்தோம். புத்தகங்கள் எழுதியவர், மேடையில் நன்றாகப் பேசுவார் என்று கேள்வி. வருவதற்கு முன்பு பலமுறை போன் செய்தார். விழாவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. இந்த ஊர்ப் பெருமாள் கோயிலில் சட்டை போடலாமா, வேட்டி அங்கேயே கிடைக்குமா, நடை எப்போது சாத்துவார்கள், ஆள் தெரிந்தால் வரிசையில் நிற்காமல் போகலாமா என்பவைதான் கேள்விகள். ரசிகர்களோடு கவிதை பேச வருகிறவர் ஆயிற்றே என்று எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன்.

விழா அன்று காலை அவரைக் கோயில் வாசலில் இறக்கிவிட்டோம். வரிசை நீளம். மண்டபத்தில் பத்து மணிக்குத் தொடங்க வேண்டிய விழாவை அவருக்காக நிறுத்திவைத்தோம். பிள்ளைகள் பசியில் சிணுங்கினார்கள். மதியம் நெற்றியில் சந்தனத்தோடு வந்து சேர்ந்தவர், மேடைக்கு ஏறி எல்லாரையும் வாழ்த்தி, ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று இறங்கிவிட்டார். காரில் ஏறும்போது, ஒரு கவிதையாவது வாசித்திருக்கலாமே ஐயா என்று கேட்டேன். கவிஞர் என் தோளைத் தட்டாத குறையாகச் சொன்னார்: "கவிதையைச் சென்னையிலயே கேட்டுக்கலாம் மேடம். இந்தப் பெருமாளை இங்க வந்தாத்தானே பார்க்க முடியும்?"

தலைமையுரை

விருந்தினர் போனதும் பாதிக் கூட்டம் போய்விட்டது. பிள்ளைகளின் வாசிப்பு முடிந்ததும் அவர்களின் பெற்றோரும் போனார்கள். எங்கள் ஊரில் ஒரு குழந்தை மேடையைவிட்டு இறங்கினால் நாலு பேர் எழுந்துபோவார்கள் என்பது கணக்கு. அபிராமி வரவில்லை. முருகன் பிறகு போனை எடுக்கவும் இல்லை.

அண்ணாச்சி வெள்ளை வேட்டி சட்டையில், பார்வதி அக்கா கையைப் பிடித்துக்கொண்டு வந்து மேடையில் உட்கார்ந்திருந்தார். பேசுவதாக ஏற்பாடு இல்லை. நான் நன்றி சொல்ல மைக்கைப் பிடித்தபோது அவரே எழுந்து நின்றார். கையை நீட்டினார். எனக்குக் கொடுக்காமல் இருக்க முடியவில்லை. ஞானமுத்து சார் கீழே வரிசையில் தலையைக் குனிந்துகொண்டார். "வ" என்றார் அண்ணாச்சி. மைக்கில் அந்த ஓர் எழுத்து மண்டபம் முழுவதும் கேட்டது. மறுபடி "வ" என்றார். நான் மனசுக்குள் மீதி எழுத்துகளைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்புறம் அவர் தோள் தளர்ந்தது. "க்ஷமிக்கணம்" என்றார். மன்னிக்க வேண்டும். "எனிக்கு பறயான் பற்றுந்நில்ல." என்னால் சொல்ல முடியவில்லை.

பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, சிரித்துக்கொண்டே உரக்கக் கத்தினார்: "அண்ணாச்சி, தமிழ்ல பேசுங்க அண்ணாச்சி!" விஷயம் தெரியாதவர்கள் சிரித்துக் கைதட்டினார்கள். அண்ணாச்சி அவர் இருந்த பக்கம் திரும்பிக் கும்பிட்டார். வலது கை உயரவில்லை. இடது கையை மட்டும் நெஞ்சில் வைத்துக்கொண்டு குனிந்தார். அந்த ஆள் நாகர்கோவிலிலிருந்து வருஷா வருஷம் வருகிறவர், பெயர் செல்லையா. பக்கத்திலிருந்தவர் காதில் ஏதோ சொல்ல, அவர் முகம் வெளிறிப்போனதை நான் மேடையிலிருந்தே பார்த்தேன். விழா முடிந்ததும் என்னைத் தேடிவந்தார். அண்ணாச்சியிடம் போக அவருக்குத் தைரியம் இல்லை. கைக்குட்டையைச் சுருட்டிச் சுருட்டி, என்னிடம் சொன்னார்: "சத்தியமா தெரியாதும்மா. முந்தின வருசம் நான் ரெண்டு மலையாள வார்த்தை கலந்துட்டேன்னு அவர்தான் அங்கேருந்து இப்படிக் கத்துனாரு, எல்லாரும் சிரிச்சோம். அந்த உரிமையில நானும் கத்திட்டேன்."

குணம்

அதற்குப் பிறகு அண்ணாச்சி விழாவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நான் சாயங்காலம் போனால் டீ கொடுக்கச் சொல்வார், 'வணக்கம்' பயிற்சிக்கு மட்டும் தலையை ஆட்டி மறுத்துவிடுவார். வீட்டிலும் பேச்சைக் குறைத்துக்கொண்டார். அக்காவுக்குச் சிரமம் என்று நினைத்தாரோ என்னவோ, வேண்டியதைக் கையால் காட்டுவார். அக்கா விடாமல் தமிழில் பேசிக்கொண்டே இருப்பார். ஊர்ச் செய்தி, பேத்தியின் சேட்டை, மழை, கரண்டு போனது எல்லாம் சொல்வார். அவர் கேட்டுக்கொண்டே இருப்பார். அப்படியே பல மாதங்கள். தமிழ் திரும்பவில்லை. தலைவர் பதவியை ஞானமுத்து சார் ஏற்றுக்கொண்டார். செயலாளர் பதவிக்கு வேறு யாரும் வராததால் நான் அப்படியே இருக்கிறேன்.

ஆனால் அண்ணாச்சி கடைக்குப் போக ஆரம்பித்தார். ஒரு நாள் அலுவலகத்திலிருந்து அந்தப் பக்கம் போனேன். கல்லாவில் உட்கார்ந்திருந்தார். உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார். உளுந்தில் கல் இருக்கிறது என்று சண்டைக்கு வந்த ஒருவரிடம் கைப்பிடி உளுந்தை அள்ளிக்காட்டிச் சண்டை போட்டார். இன்னொருவரின் மகள் கல்யாணத்தை விசாரித்தார், ஏதோ கிண்டல் செய்தார், அந்த ஆள் விழுந்து விழுந்து சிரித்தார். எல்லாம் மலையாளத்தில், தங்குதடை இல்லாமல். வீட்டில் கையசைத்துப் பேசுகிற மனிதரா இவர் என்று வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். என்னைக் கண்டதும் அவர் பேச்சு நின்றது. கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு தலையைக் குனிந்து கல்லாப்பெட்டியில் எதையோ தேடத் தொடங்கினார். நான் அங்கே நிற்கக் கூடாது என்று புரிந்துகொண்டு நகர்ந்தேன்.

நான் கண்ணைத் துடைப்பதைப் பார்த்துவிட்டு, பருப்பு மூட்டையைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டிருந்த வாடிக்கையாளர் ஒருவர் என்னைத் தேற்றினார். பல வருஷமாக அந்தக் கடையில் சரக்கெடுக்கிற மனிதர். அண்ணாச்சிக்கு உடம்புக்கு முடியாமல் போனதைக் கேள்விப்பட்டுப் பயந்துகொண்டுதான் வந்தாராம். இப்போது நேரில் பார்த்ததில் அவருக்கு ஒரே சந்தோஷம்: "ஒந்நுமில்லல்லோ சேச்சி. பழய ஆளு தன்னெ!" ஒன்றும் ஆகவில்லையாம், அதே பழைய ஆள்தானாம்.

ஊரில் வேறு யாருக்கும் தொலைந்ததாகவே தெரியாத ஒரு மொழியை, தேடிக் கண்டுபிடித்துவிடுவோம் என்று சொல்லி வருஷா வருஷம் பந்தல் போடுவதுதான் எங்கள் வேலை. பந்தல்காரர் மட்டும் இதுவரை ஒரு வருஷம்கூட வரத் தவறியதில்லை.